ரெண்டு மார்க் முடுக்கம்

டக்.

சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற ஸ்கூட்டியை முன்னால் தள்ளி இறக்கும்போது வருமே, அந்தச் சத்தம். இன்று காலை எதிர்வீட்டு வாசலில் கேட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடது கை என்னைக் கேட்காமலே பின்னால் போய், இடுப்புக்கு ஒரு சாண் கீழே ஓர் இடத்தைத் தடவிப் பார்த்தது. வலி போய் எவ்வளவோ நாளாகிறது. கைக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையும் வந்து நின்றது.

வேலூர் ரோடு, வேங்கிக்கால் பக்கம், ஆபீஸ் போகிற நேரம். ரோட்டின் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு காலையும் முன்னால் நீட்டி, சோறூட்டுவதற்கு உட்காரவைத்த குழந்தை மாதிரி. வலது கையில் டிபன் பை. இடது கையில் பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்டு. பையிலிருந்த ரசம் தார் ரோட்டில் இறங்கி, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வேலூர் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு டவுன் பஸ் பிரேக் போட்டு முனகி நிற்கிறது. முன்னால், ரசம் போன அதே திசையில், என் மனைவி சுமதி ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்டக்டர் படியில் தொங்கியபடி குரல் கொடுத்தார். "யோவ் பெருசு! ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல எறங்கினா எப்டிய்யா?"

பஸ் மொத்தமும் சிரித்தது. ஜன்னலோரம் ஒரு பெண் மட்டும் "ஐயோ பாவம்" என்றாள். சிரிப்பைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

போன வாரம் இந்தத் தொடரில் நான் செல்போனைக் கிணற்றுக்குள் போட்ட கதையைப் படித்துவிட்டு, 'உங்களுக்கு நல்ல விஷயமே நடக்காதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நடந்தது ஐயா. விழுவதற்கு முந்தின நொடியில் நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்த வரி, 'முடுக்கம் என்பது யாதெனில்'. அந்தக் கேள்விக்குக் கிடைத்த மாதிரி அவ்வளவு சரியான விடை, அவ்வளவு உடனடியாக, என் வாழ்க்கையில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை.

பத்தடி தூரத்தில் ஒரு நாற்காலி

சுமதி அப்போது வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். அதிகாரியின் அறை வாசலில் ஒரு ஸ்டூல், அதுதான் அவள் இடம். சாய்ந்துகொள்ள முதுகு கிடையாது. மணி அடித்ததும் எழுந்திருப்பதற்கென்றே செய்த சாமான் அது. பதினெட்டு வருஷமாக அதில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்கூட அவள் முதுகு சாய்ந்ததில்லை.

அந்த ஸ்டூலிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி இளநிலை உதவியாளரின் நாற்காலி. கை வைத்தது. பின்னால் ஒரு பூத்துவாலை போட்டிருக்கும். அதில் இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார், பத்தாவது தேறியிருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் சுமதியின் பெயரும் போகும் என்றார்கள். சுமதி பதினாறு வயதில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, அறிவியலில் மட்டும் விட்டவள். "இந்த வருஷம் முடிச்சுடும்மா. இதை விட்டா அடுத்த பட்டியல் எப்பனு எனக்கே தெரியாது" என்று கண்காணிப்பாளர் அக்கறையாகத்தான் சொன்னார்.

ஒரு சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"என்னாங்க, உங்களுக்கு சயின்ஸ் வருமா?"

'வராது' என்பது மூன்றெழுத்து. அதைச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. நான் சொன்னது இது:

"பிரபஞ்சமே என்னோட சப்ஜெக்ட்தானே சுமதி."

அவள் கீரைத்தண்டை ஒடித்தாள். "பிரபஞ்சம் வேணாம். மொதல் பாடம் போதும்."

நான் நடத்திய பாடம்

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் இயற்பியல் வாத்தியார் என் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். அன்றே நான் கவிஞன் ஆகிவிட்டேன் என்று பல மேடைகளில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். மார்க்கைச் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட நான் நோட்டைப் பிரித்தேன்.

"வேகம்னா எவ்ளோ சீக்கிரம் போறோம்ங்கறது. திசைவேகம்னா திசையோட சேர்ந்த வேகம்."

"அது பேர்லயே இருக்கே. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்? போறவன் ஏதோ ஒரு பக்கமாத்தான போவான்?"

"இப்ப ஒரு பறவை அந்தி வானத்துல..."

"பறவை வேணாங்க. பஸ் சொல்லுங்க."

எனக்குப் பஸ் வராது. வாழ்க்கையில் பாதி பஸ்ஸில் கழித்தவன்தான், இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தே கழித்தவன். அடுத்த கேள்விக்குத் தாவினேன்.

"சரி, முடுக்கம். முடுக்கம்னா..." ஜன்னலுக்கு வெளியே மலை நீலத்திலிருந்து கருப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. எனக்கு வந்துவிட்டது. "வேகத்தின் அவசரம்!"

சொல்லிவிட்டு நானே கொஞ்சநேரம் அதை ரசித்தேன். இன்னொரு தடவை சொன்னேன். என் டைரியில் எழுதிக்கொண்டேன். துரதிர்ஷ்டம், சுமதிக்கும் பிடித்துவிட்டது. நோட்டில் எழுதிச் சிவப்பில் அடிக்கோடு போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வரி ஒன்றுக்கு அவள் அடிக்கோடு போட்டது அதுதான் முதல் தடவை.

"இதோட அலகு மீட்டர் பை விநாடி ஸ்கொயர்னு போட்டிருக்கு. விநாடியை எதுக்குங்க ரெண்டு தடவை வகுக்கறாங்க?"

"ஒரு தடவை வகுத்தா சந்தேகம் தீராது, அதான்" என்றேன்.

பரீட்சையில் வந்தது: 'முடுக்கம் - வரையறு.' இரண்டு மதிப்பெண். சுமதி தன் அழகான கையெழுத்தில், 'முடுக்கம் என்பது வேகத்தின் அவசரம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டு வந்தாள்.

ரிசல்ட் வந்தபோது தேறுவதற்கு இரண்டு மார்க் குறைந்திருந்தது.

எந்தக் கேள்விக்கு எத்தனை போட்டார்கள் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் வேலையில் இருக்கும் மகள் போன் செய்தாள். "அப்பா, உங்க கவிதையை நாங்க படிக்காம இருந்தது தப்புதான். அதுக்காக அம்மா பேப்பர்ல போய் பிரசுரம் பண்ணுவீங்களா?"

சுமதி என்னைத் திட்டவில்லை. போனை வைத்துவிட்டு, "துணைத்தேர்வுக்குப் பணம் கட்டணும், ஞாபகப்படுத்துங்க" என்றாள். பிறகு, "இல்ல, வேணாம். நானே ஞாபகம் வச்சுக்கறேன்" என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று மூன்று தடவை இந்த இடத்தில் டீ குடிக்கப் போய்விட்டு வந்தேன்.

முன்னொரு ஹால் டிக்கெட்

மகள் கைக்குழந்தையாக இருந்த காலம். அப்போதே சுமதி தனித்தேர்வராகப் பணம் கட்டி, ஹால் டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தாள். இதே அறிவியல். பரீட்சை காலையில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் விழுப்புரம் பக்கம் ஒரு கவியரங்கம். போய்விட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடலாம் என்று கிளம்பினேன். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவனை நண்பர்கள் ஒரு டீக்கடையில் உட்காரவைத்து, "அந்த உரைநடைக் கவிதையை இன்னொரு தடவை வாசிங்க" என்றார்கள். வாசித்தேன். நீண்ட கவிதை. அது எதைப் பற்றி என்று இப்போது ஞாபகமில்லை. பஸ் போன சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். குழந்தைக்கு ஜுரம், மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஹால் டிக்கெட் நாலாக மடிந்து அலமாரியில் பவுடர் டப்பாவுக்கு அடியில் இருந்தது. சுமதி நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையில் பூ வாடியிருந்தது.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அதற்கப்புறமும் நான் போவதும் வருவதுமாகத்தான் இருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்காத ஜென்மம் என்று இதே தொடரில் நானே பெருமையாக எழுதியிருக்கிறேன். போனதில் ஒரு தடவை மூன்று மாதம். எங்கே போனாலும் அதே வாசலுக்குத் திரும்பிவிடுவேன் என்பதை என் நல்ல குணங்களில் ஒன்றாக வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மலை இடப்பக்கம்

துணைத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும். பௌர்ணமி முடிந்த விடியற்காலை. கிரிவலக் கூட்டத்தின் வால் இன்னும் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. சுமதிக்கு வேண்டுதல், எனக்கு வேறு வேலை இல்லை. இரண்டு பேரும் செருப்பை ஸ்கூட்டி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கிழக்குக் கோபுரத்திலிருந்து நடந்தோம். கையில் அறிவியல் நோட்டு. சாமி கும்பிடும் நேரம் போக மற்ற நேரம் பாடம்.

மலை எங்கள் வலப்பக்கம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கக் கற்றபோதே மலையை வலத்தில் வைத்துத்தான் நடந்திருப்போம். ரோடு மொத்தமும் ஒரே பக்கமாக ஓடுகிற ஆறு. கற்பூர வாசனை, வேகவைத்த சோளம், ஈரத் தார், யாரோ பூசிய வலி மருந்து, எல்லாம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

அடி அண்ணாமலையில் ஒரு மோர்க் கடையில் நின்றோம். ஆளுக்கொரு டம்ளர். அடுத்த லிங்கக் கோயிலுக்கு வந்து திருநீறு எடுக்கக் கையை நீட்டியபோதுதான் சுமதி நின்றாள். கை காலியாக இருந்தது.

"நோட்டு! மோர்க் கடை பெஞ்சு மேலயே வச்சுட்டேன்."

அந்த நோட்டில் மூன்று மாதத்து உழைப்பு இருந்தது. அடித்துத் திருத்திய என் வரியும் இருந்தது.

திரும்பினோம். மலை இடப்பக்கம் வந்தது.

ஐம்பது வருஷத்தில் அந்த மலையை நான் அந்தப் பக்கமாக வைத்து நடந்ததே இல்லை. ஊரே வேறு மாதிரி இருந்தது. இத்தனை நேரம் முதுகாக இருந்த ஜனங்கள் எல்லாம் முகமாக வந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரே கேள்வி.

"யம்மா, ராங் சைடு போறீங்க!"

"மலையை எடமா சுத்தக் கூடாதும்மா, ஆவாது!"

தெலுங்கில் பேசிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் கையை விரித்து, ஆடுமாட்டை மடக்குகிற மாதிரி எங்களைத் திருப்பப் பார்த்தது. ஒரு தாத்தா தடியை உயர்த்திவிட்டு, என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லக் கூடாதா அந்தம்மாவுக்கு?" என்றார். நான் வழக்கம்போல் யாருக்கும் எதையும் விளக்க முடியாமல் கைகூப்பிக்கொண்டே போனேன்.

சுமதி திடீரென்று ஆற்றின் நடுவில் நின்றாள். எதிரே வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிப் போனார்கள்.

"என்னாங்க. நம்ம வேகம் மாறுச்சா?"

"இல்லையே."

"அதே காலு. அதே நடை. ஒரு அடி கம்மி இல்ல, ஒரு அடி ஜாஸ்தி இல்ல. பக்கம் மாறுனதும் ஊரே திட்டுது பாருங்க." முகம் மலர்ந்துவிட்டது. "இதான் திசைவேகம். வேகம் அப்டியேதான் இருக்கு. திசைவேகம் தலைகீழா ஆயிடுச்சு. அங்க போறது பிளஸ்ஸுன்னா, இப்ப நம்ம மைனஸ்!"

"ஆமா மைனஸ்தான், ஓரமா நடம்மா!" என்று ஒரு பெண் இடித்துக்கொண்டு போனாள்.

மோர்க் கடை அக்கா நோட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். "புள்ள நோட்டா?"

"என் நோட்டுதான்க்கா. பத்தாவது எழுதறேன்."

"பரவால்லியே! யாரு சொல்லித் தர்றது?"

சுமதி என்னைக் காட்டினாள். அக்கா என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். "அதான் விட்டுட்டுப் போயிட்டியா" என்றாள்.

மீண்டும் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, முழுச் சுற்றும் முடித்துக் கோபுர வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சுமதி படியில் உட்கார்ந்து பாதத்தைத் துடைத்துக்கொண்டே நோட்டைப் பிரித்தாள்.

"பதினாலு கிலோமீட்டர், திரும்பி நடந்தது தனி. அது தொலைவு. இடப்பெயர்ச்சி?"

"கிளம்புன எடத்துக்கே வந்துட்டோமே. பூஜ்யம்."

"இத்தனை நடந்துமா?"

"எத்தனை நடந்தாலும்."

"அப்ப சராசரி திசைவேகமும் பூஜ்யம்." பென்சிலால் எழுதினாள். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க இருபத்தஞ்சு வருஷமா..."

முடிக்கவில்லை. நான் காபி வாங்கிவரப் போகிறேன் என்று எழுந்தேன். இரண்டு காபி வாங்க அவ்வளவு தூரத்துக் கடைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

ரசம் கொட்டிய இடம்

அதற்கப்புறம் தினமும் அவள் ஆபீஸ் போகும் வழியில் ஸ்கூட்டிக்குப் பின்னால் நான். எனக்கு வண்டி ஓட்ட வராது. இதுவும் இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கேள்வி படிப்பேன், அவள் ஓட்டிக்கொண்டே ஒப்பிப்பாள். நடுநடுவே நான் குறுக்கே பேசித் திருத்துவேன். வேங்கிக்காலில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திரும்பிவிடுவேன்.

அன்று முன்னால் ஒரு லாரி திரும்புவதற்காக வண்டிகள் எல்லாம் நின்றன. எங்கள் வண்டியும் நின்றது. ஒரு கையில் பை, ஒரு கையில் நோட்டு, பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. "முடுக்கம் என்பது யாதெனில்" என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. சுமதி திருகினாள்.

வண்டி போனது. நான் போகவில்லை. மேலே சொன்ன காட்சி அதுதான்.

அவள் அடுத்த வேகத்தடை வரை போய்விட்டுத்தான் திரும்பி வந்தாள். வெளுத்துப்போய் வந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை என்று தெரிந்ததும் நிறம் திரும்பியது, கூடவே வாயும்.

"முழு விடையையும் ஒப்பிச்சேங்க. ஒரு வார்த்தை குறுக்க வரல. பரவால்லியே, மொத தடவையா பேசாம கேக்கறாரேனு சந்தோஷமா போயிட்டிருந்தேன்!"

அன்று சாயங்காலமே ரஃபி பாயின் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். பாய் எங்கள் தெருமுனையில் டூ வீலர் மெக்கானிக், என் வயதுக்காரர், என்னை 'கவிஞரே' என்று கூப்பிடும் ஒரே மனிதர். பின் சீட்டில் நான் சாய்ந்துகொள்ள ஒரு கம்பி போடவேண்டும் என்றாள் சுமதி.

"எவ்ளோ ஸ்பீடுல போனீங்க மேடம்?"

"ஸ்பீடே இல்ல பாய். நின்ன எடத்துலேந்து எடுத்தேன்."

"அதானே பார்த்தேன்." பாய் கையைத் துணியில் துடைத்தார். "நாப்பதுல ஒரே சீரா போனா கவிஞர் கல்லு மாதிரி உக்காந்திருப்பாரு. அறுபதுல போனாலும் அப்டித்தான். எடுக்கறப்பதான் உருளுவாரு. வேகம் ஜாஸ்தியா இருக்கறது ஒண்ணு, வேகம் ஜாஸ்தி ஆவறது இன்னொண்ணு. ஆளை வுழவெக்கறது ரெண்டாவதுதான்."

சுமதி அசையாமல் நின்றாள். "பிரேக் போட்டா?"

"உங்க முதுகுல வந்து மோதுவாரு. அது கம்மி ஆவறது."

"பாய், ஒரு நிமிஷம், பேனா இருக்கா?" பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதியபடியே என் பக்கம் திரும்பினாள். "அப்ப முடுக்கம்னா அவசரம் இல்ல. மாறுறது. திசைவேகம் எவ்ளோ சீக்கிரம் மாறுதுங்கறது."

நான் அந்தக் கம்பியை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டேன். எட்டுக் கவிதைத் தொகுப்பு போட்டவன். நான் ஒரு சொல்லால் பூசி மூடியதை, கிரீஸ் கையோடு ஒருவர் துடைத்துக் காட்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்களெல்லாம் மூடிய நேரத்தில், ஆளில்லாத ரோட்டில் பரிசோதனை. நான் பின்னால், கம்பியில் சாய்ந்து, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, விநாடிகளை எண்ண வேண்டும். அவள் மீட்டரைப் படிப்பாள்.

"ஒண்ணு."

"அஞ்சு!"

"ரெண்ண்டு."

"பத்தைத் தாண்டிடுச்சு. என்னாங்க, உங்க விநாடி ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா வருது. ராகம் போடாம எண்ணுங்க."

ராகம் போடாமல் எண்ணினேன். அஞ்சு, பத்து, பதினைந்து. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஒவ்வொரு விநாடிக்கும் அஞ்சு ஏறுது. அந்த அஞ்சுங்கறதே மணிக்கு இத்தனை கிலோமீட்டர்னு ஒரு வேகம். அப்ப நேரம் ரெண்டு தடவை வருது பாருங்க. வேகத்துக்கு ஒரு தடவை, அது மாறுறதுக்கு ஒரு தடவை. அதுக்குத்தான் ஸ்கொயர். சந்தேகம் தீரலன்னு இல்ல."

"சந்தேகம் தீர்ந்துடுச்சு" என்றேன்.

திரும்பும்போது வளைவில் முப்பதிலேயே ஒரே சீராக ஓட்டினாள். நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். "மீட்டர் அசையல, நீங்க அசையறீங்க! திசை மாறுனாலும் முடுக்கம்தான்!" என்று காற்றில் கத்தினாள். நாற்பத்திரண்டு வயதுக்காரி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. அந்த வளைவில் வேண்டுமென்றே மூன்று தடவை திரும்பினாள்.

கேட் வரைக்கும்

அவள் அந்த நாற்காலிக்குப் போனாளா என்று கடிதம் போடுவீர்கள். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். போனாள். மெதுவாகத்தான், ஒரு வருஷம் கழித்துத்தான். 'பத்தடி, பத்தொம்பது வருஷம், என் திசைவேகத்தைக் கணக்கு போடுங்க பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் இன்னும் போட்டு முடிக்கவில்லை. இதை எழுதும் நேரத்தில் அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் துணைத்தேர்வுக் காலை.

ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் சென்டர். கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழே யூனிஃபார்ம் இல்லாத பரீட்சைக் கூட்டம்: மீசை வைத்தவர்கள், வளைகாப்பு வளையல் போட்ட ஒரு பெண், போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யும் இரண்டு பேர். எல்லோரும் கடைசிப் பக்கத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சுமதி முணுமுணுக்கவில்லை. நல்ல புடவை. தலையில் பூ. அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய மத்தியானம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மணி அடித்தது. போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. போனை என் கையில் வைத்தாள். வண்டிச் சாவியை வைத்தாள். பர்ஸ், வீட்டுச் சாவி, எல்லாம் என் கையில். அவள் கையில் ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் மட்டும். அவள் வெளியே வரும்போது நான் இல்லையென்றால் ஒரு ரூபாய் இல்லாமல் ரோட்டில் நிற்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தேதான் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"சுமதி, காலம்ங்கறது ஒரு..."

"வேணாங்க. ஏற்கெனவே ரெண்டு மார்க் போயிருக்கு."

கேட்டுக்காரர் கதவை இழுக்க ஆரம்பித்தார். அவள் நாலடி போனாள். நின்றாள். ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சுத்தாதீங்கனு சொல்ல மாட்டேன், உங்களால முடியாது. டீ குடிங்க, கோயில் போங்க, எங்க வேணா சுத்துங்க. நான் வெளிய வர்றப்ப இந்த வேப்பமரத்துக் கீழ நிக்கணும். இன்னைக்கு ஒரு நாளு, இடப்பெயர்ச்சி பூஜ்யமா இருக்கணும். என்னா?"